ஆறு வோல்ட்

ஷும்பெர்க்கில் ஏப்ரல்.
வடக்குப் பார்த்த கூரைகளில் மட்டும் பனி மிச்சம்.
ரயில் யார்டில் இரவெல்லாம் பெட்டி கோத்துவிட்டு
போஹ்தானா
கராஜ் கதவை முழங்காலால் தள்ளுகிறாள்.

சிவப்பு ஜாவா, முந்நூற்றைம்பது சிசி.
அவளைவிட ஒன்பது வயது மூத்தது.
சாவியைக் குத்தி அழுத்தினால்
முகவிளக்கின் மேல் சிவப்புப் பொட்டு எரிய வேண்டும்.
எரிந்தது,
அலாரம் அடிக்க ஒற்றைக் கண் திறந்து
மறுபடி மூடிக்கொள்வதைப் போல.

இரண்டு வருடத்தில் இரண்டு பேட்டரி.
முதலாவது மலிவு; அதைப் பற்றிப் பேச்சில்லை.
இரண்டாவது ஜெல்.
பராமரிப்பே வேண்டாம் என்று
ஐந்து மொழிகளில் எழுதியிருந்தது.
செப்டம்பர் மழையில், யெசெனிகி மலைக் கணவாயில்,
விளக்கு தேநீர் நிறமாகி
ஹார்ன் கொசுவாகி
ஐந்து மொழிகளிலும் செத்துப்போனது.
மரம் ஏற்றிய லாரியின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு
பதினொரு கிலோமீட்டர்
இருட்டில் உருண்டு இறங்கினாள்.

இந்த முறை
காலணிப் பெட்டியின் அட்டையில்
நீளம் அகலம் உயரம் வெட்டி எடுத்துப் போகிறாள்,
கூட்டல் முனை எந்தப் பக்கம் என்று குறித்து.
செத்ததையும் பையில் போட்டு,
பழைய ஈயத்துக்குக் கொஞ்சம் காசு கழிப்பார்கள் என்று.

கடைக்கார ஹ்ருபெஷ் ஒவ்வொன்றாக எடுத்துவைக்கிறான்.
லித்தியம்: "ரொட்டி எடைகூட இல்லை."
குளிரில்?
"குளிரில் கொஞ்சம் முகம் தூக்கும்."
அடுத்தது மூடி முத்திரையிட்டது.
அட்டையை வைத்துப் பார்க்கிறாள்: அரை விரல் அகலம்.
"தட்டினால் உள்ளே போய்விடும்."
தட்டினால் நானும்தான் எங்கேயாவது போவேன்.

மூன்றாவது சரியாகப் பொருந்துகிறது.
எப்போது செய்தது?
"புதிது."
கட்டைவிரலை எடு.
எடுத்தான். விரலுக்கடியில்
இரண்டு குளிர்காலத்துக்கு முந்தைய தேதி,
அலமாரியிலேயே கிழமாகிவிட்ட புதிது.

கடைசியில் கவுண்டருக்கு அடியிலிருந்து
யாரும் கேட்காத ஒன்று.
உலர்ந்த ஈயத் தகடுகள்; அமிலம் தனியே, புட்டியில்.
நீயே ஊற்றிக்கொள்ள வேண்டும்,
மாதம் ஒருமுறை மூடி திறந்து தண்ணீர் பார்க்க வேண்டும்.
பராமரிப்பு வேண்டும் என்று
ஒரே மொழியில் எழுதியிருந்தது.
இது போதும் என்றாள்.

பழையதைத் தராசில் ஏற்றும்போதுதான் பார்த்தாள்:
இரு பக்கமும் வயிறு உப்பி,
கல்யாண விருந்தில் எழ முடியாமல் உட்கார்ந்தவன் மாதிரி.
பட்டினியில் செத்தது இப்படி இருக்காது.
இதை யாரோ
ஊட்டி ஊட்டிக் கொன்றிருக்கிறார்கள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.
வீட்டுக்கு வந்து பக்கவாட்டு மூடியைக் கழற்றி
எஞ்சினை முறுக்கி மீட்டரை வைத்தால்
எட்டரைக்கு மேல் துள்ளுகிறது முள்.
ரெகுலேட்டர்!
அறுபது வருடமாக அந்த மூலையில் உட்கார்ந்து
அப்பாவி முகத்தோடு
அளவில்லாமல் பரிமாறிக்கொண்டிருந்த கை.

ஒரு திருகு, கால் சுற்று.
மீட்டர். இன்னும் கொஞ்சம்.
முள் ஏழு தாண்டி ஒரு நூலில் வந்து
நின்றது.
ஆறு ஆறாக இருக்க
இவ்வளவு பாடு.

பிறகுதான் அமிலம் ஊற்றினாள், அறை அறையாக,
மூச்சைப் பிடித்துக்கொண்டு.
தகடுகள் குடித்து, சூடாகி,
சின்னக் குமிழிகளாக முணுமுணுத்தன.
காற்றுக்குழாயைச் சங்கிலிக்கு எட்டாமல்
கீழே இழுத்துவிட்டாள்.
பக்கவாட்டில் மார்க்கரால் தேதி எழுதினாள்: ஏப்ரல் பதினேழு.
அருகில் இன்னொரு தேதிக்கு
இடம் விட்டாள்.

திங்கள் இரவு யார்டில்
உடன் வேலை செய்யும் ராதிம் கேட்டான்,
ஆரஞ்சு மேலங்கியில் அதென்ன
மிளகளவு ஓட்டை?
அவள் குனிந்து பார்த்தாள்.
இரண்டு ஓட்டைகள் இருந்தன.